ஸுஹைபைக் கேட்டு வந்த ஜாஹா

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஐம்பது ஆண்கள் தன்னைக் கேட்டு வரப்போகிறார்கள் என்பது ஸுஹைபுக்கு முதல்நாள் சாயங்காலம்தான் தெரிந்தது. சொன்னவள் அவன் அம்மா. சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்னைக் கேக்க வராங்களா? நான் என்னம்மா பொண்ணா?"

"எனக்கென்னடா தெரியும்? உங்க பெரியப்பா ஜாஹா கூட்டிட்டு வராராம். ஐம்பது பேருக்கு மன்ஸஃப் ஆக்கணுமாம். ஆடு பத்துமா பத்தாதான்னு நானே மண்டையை உடைச்சிட்டிருக்கேன், நீ வேற."

கரக் ஊரில் ஜாஹா வருவது இரண்டே காரியத்துக்கு. ஒன்று பெண் கேட்க, இன்னொன்று கொலைப் பழியைத் தீர்த்துச் சமாதானம் பேச. ஊர்ப் பெரிய மனிதர்கள் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, பதவியில் இருந்து இறங்கிய யாராவது ஒருவரை முன்னால் விட்டுக்கொண்டு வருவார்கள். வீட்டார் அவர் முன்னால் காப்பியை வைப்பார்கள். அவர் தொடமாட்டார். கேட்டதைத் தருகிறோம், குடியுங்கள் என்று வீட்டுப் பெரியவர் வாயால் சொன்ன பிறகுதான் கிண்ணம் உதட்டுக்குப் போகும். ஜாஹாவைக் காப்பி குடிக்கவிடாமல் அனுப்பிய வீட்டில் அப்புறம் நல்லதுக்கும் ஆள் வராது, கெட்டதுக்கும் ஆள் வராது. இப்பேர்ப்பட்ட சமாசாரத்தைக் கொண்டுவந்து ஒருவன் வேலைக்குச் சேருவதைத் தடுக்க உபயோகிக்கலாம் என்று இத்தனை தலைமுறையில் யாருக்கும் தோன்றவில்லை. நவ்வாஷுக்குத் தோன்றிவிட்டது. பணக்காரப் பெரியப்பாக்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

ஸுஹைப் படித்தது என்ஜினியரிங். கரக்கில் கல்லை விட்டெறிந்தால் ஒரு என்ஜினியர் தலையில்தான் விழும். அவரும் வேலையில்லாமல் சும்மா நின்றுகொண்டிருப்பதால் குறி தப்பாது. ஸுஹைபுக்கு அந்தக் கவலை கிடையாது. அவனைப் படிக்க வைத்ததே நவ்வாஷ்தான். தோஹாவில் அவருக்குக் கட்டடக் கம்பெனி. அங்கே அவனுக்கு மேஜை போட்டாயிற்று, மேஜைமேல் பெயர்ப்பலகை வைத்தாயிற்று, அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பியும் ஆயிற்று.

நடுவில் ஒரு சுவர் கெடுத்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் சுவர் விரிசல் விட்டிருக்கிறது, பார்த்துச் சொல் என்று யாரோ அவனை அனுப்பினார்கள். போனவன் சுவரைப் பார்க்கவில்லை. தரையில் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து, மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே மத்தியானம்வரை இருந்துவிட்டான். பரீட்சை முடிந்த நாளிலிருந்து அவனைப் பார்த்து 'எப்ப தோஹா?' என்று கேட்காத முதல் மனிதன் அந்தப் பையன்தான். மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும் போனான். விரிசல் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பள்ளியை நடத்தும் ருதைனா டீச்சர் அவனுக்குப் பயிற்சி கொடுத்து, வாரம் தொடங்கும் இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சம்பளத்துக்கே வந்துவிடு என்று சொல்லிவிட்டாள். அன்று இரவு அவனுக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. பிறந்ததிலிருந்து அவனாக ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

பெரியப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது. "உன்னைக் காட்டி நான் எவன்கிட்டடா பொண்ணு கேப்பேன்? பசங்களோட உக்காந்து சோப்பு நுரை ஊதற என்ஜினியர்னு சொல்லவா?"

இப்போது ஜாஹா. ஸுஹைப் அப்பாவைத் தேடிப் போனான். தைசீர், ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர், கொல்லையில் நின்று தன் அங்கியைத் தூசு தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, வீட்டுக்காரர் நீங்கதானே? நாளைக்கு அவங்களுக்குப் பதில் சொல்லப்போறது நீங்கதானே?"

"அதைத்தாண்டா யோசிச்சிட்டிருக்கேன். சரின்னா உன் மூஞ்சியில முழிக்க முடியாது. முடியாதுன்னா எங்கண்ணன் மூஞ்சியில முழிக்க முடியாது. அதனால ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"என்ன முடிவு?"

"நானும் ஜாஹாவோட வந்துடறேன்."

"எங்கே வரீங்க?"

"இங்கேதான்."

தகப்பனார் நிம்மதியாக அங்கியை உதறினார்.

ஸுஹைப் பெரியப்பாவுக்கே போன் செய்தான். என் தரப்பில் யாரும் இல்லை, நானே பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றான்.

"நல்லா இருக்கே நியாயம்! பொண்ணு கேக்கப் போனா பொண்ணா எழுந்து பதில் சொல்லும்? நாங்க கேக்க வரதே உன்னை. நீ வாயைத் திறக்கக் கூடாது. உன் பக்கத்துல ஆம்பளை எவனாவது இருந்தா பேசச் சொல்லு. இல்லேன்னா நாங்களே கேட்டு, நாங்களே குடிச்சிட்டு, உன்னைக் கூட்டிட்டுப் போறோம். டிக்கெட் எடுத்தாச்சு."

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஜாஹாவில் சேர்ந்துவிட்டார்கள். தயிர்க் குழம்பு ஊற்றிய ஆட்டுக்கறிச் சோறு, மன்ஸஃப் என்றால் யார்தான் எதிர்த்தரப்பில் நிற்பான்? கடைசியில் ருதைனா டீச்சருக்குப் போன் போட்டான்.

"டீச்சர், எனக்கு ஆம்பளைங்க வேணும்."

"நம்ம பள்ளிக்கூடத்துல ஆம்பளைன்னா நீ ஒருத்தன்தாண்டா. அப்பாக்கள் யாரும் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கறதில்லைன்னு உனக்குத் தெரியாதா?" பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "பெரிய பசங்க ரெண்டு பேர் இருக்காங்க. கோட்டு சூட்டு மாட்டி அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க" என்றான் ஸுஹைப். அவனுக்கு அப்போது மூளை வேலை செய்யவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

மறுநாள் தொழுகை முடிந்ததும் ஒரு பழைய கார் வாசலில் வந்து நின்றது. பின்கதவைத் திறந்துகொண்டு இரண்டு பையன்கள் இறங்கினார்கள். பன்னிரண்டு வயது யஸன் நேராக உள்ளே போய், ஜாஹாவுக்குத் தலைமை தாங்கி வரும் பாஷாவுக்கென்று போட்டிருந்த பெரிய சோபாவில் ஏறி, காலை மடக்கிப் படுத்துக்கொண்டான். வீட்டிலேயே மெத்தென்ற இடம் அதுதான், அவன் செய்ததில் தப்பே கிடையாது. இன்னொருவன் ஹுதைஃபா, வயது பதினான்கு, மூத்தவன். அவன் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை. கேட்டதைக் கேட்டபடி, கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்லுவான். விமான நிலைய அறிவிப்பு, ரேடியோவில் வரும் எண்ணெய் விளம்பரம், ருதைனா டீச்சரின் தும்மல், எதுவும் அவனுக்கு விலக்கல்ல.

வண்டியை ஓட்டிவந்தவர் ஹுதைஃபாவின் அப்பா. ரொட்டிக்கடை வைத்திருப்பவர், ஊரில் அபூ ஹுதைஃபா என்றால் தெரியும். ஸுஹைப் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான். "நீங்களும் உள்ள வாங்க. என் பக்கத்துல உக்காருங்க."

"இருக்கட்டும்பா. நான் என்ஜினை அணைக்கல. உள்ள அவன் சத்தம் போட்டான்னா ஒடனே அள்ளிப் போட்டுக்கிட்டுக் கிளம்பணும்ல?" அவர் ஸ்டியரிங்கை விடவே இல்லை. "ஜாஹான்னா அவனுக்கு உசுரு. கல்யாண வீட்டு ஜாஹா வீடியோ எது வந்தாலும் போன்ல திரும்பத் திரும்பப் போட்டுப் பாப்பான். ஒரு நாளும் நேர்ல கூட்டிட்டுப் போனதில்ல. நாலு பேர் நடுவுல எப்படிக் கூட்டிட்டுப் போறது, நீயே சொல்லு."

ஸுஹைப் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் ஜாஹா தெரிந்தது. கறுப்பு அங்கிகளும் சிவப்புக் கட்டம்போட்ட தலைத்துணிகளுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் முஃப்லிஹ் பாஷா, ஓய்வுபெற்ற ஜெனரல். அவருக்கு வலப்பக்கம் நவ்வாஷ். கூட்டத்தின் நடுவில், கால்மணி நேரத்துக்கு முன் சமையலறை வழியாக வெளியே நழுவிய தைசீர், தன் வீட்டையே முதல்முறை பார்ப்பவர்போல நிமிர்ந்து பார்த்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்று வரவேற்ற மகனுக்கு முறைப்படி கைகொடுத்தார்.

"வாங்க வாங்க" என்றான் ஸுஹைப், பல்லைக் கடித்துக்கொண்டு. "உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க."

"நல்ல வீடு" என்றார் தைசீர். "காத்தோட்டமா இருக்கு."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். சோபாவில் யஸன் தூங்கிவிட்டிருந்ததால் பாஷாவுக்கு பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே மூன்றே பேர்: நடுவில் ஹுதைஃபா, இந்தப் பக்கம் ஸுஹைப், அந்தப் பக்கம் குறட்டை. நவ்வாஷ் அவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு ஸுஹைப் காதருகே குனிந்தார்.

"இதுங்களாடா உன் ஆளுங்க?"

"இவங்கதான் பெரியப்பா."

"ரொம்ப நல்லதாப் போச்சு." அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

காப்பி வந்தது. பாஷா கிண்ணத்தை வாங்கித் தம் முன்னால் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அன்றைக்கு அது அவருக்கு மூன்றாவது ஜாஹா. வெள்ளிக்கிழமை வந்தால் பாஷாவை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஏற்றி இறக்குவார்கள். எந்த வீடு, யார் கேட்கிறார்கள் என்பதெல்லாம் வண்டியில் யாராவது அவர் காதில் போட்டால் உண்டு. அன்று ஸுஹைப் என்ற பெயர் காதில் விழுந்ததோடு அவர் தூங்கிவிட்டார்.

"இறைவனுக்கே புகழ்" என்று ஆரம்பித்தார். கணீரென்ற குரல். "உங்கள் குடும்பத்தின் மானமும் மரியாதையும் குன்றின்மேல் இட்ட விளக்கு. அந்த வெளிச்சத்தைத் தேடித்தான் நாங்கள் வந்திருக்கிறோம்." நவ்வாஷ் தலையாட்டினார். "உங்கள் வீட்டுக் குணவதியை, எங்கள் பிள்ளை ஸுஹைபுக்கு, இறைவன் வகுத்த முறைப்படி..." நவ்வாஷின் தலை பாதியில் நின்றது. "...மனைவியாகத் தரும்படி கேட்கிறோம். தருகிறோம் என்று சொன்னால் குடிப்போம்."

நவ்வாஷ் இருமினார். பாஷாவின் அங்கியைப் பிடித்து இழுத்தார். பாஷா அதைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, எதிர்த்தரப்பைப் பார்த்தார். கூடம் முழுக்க எதிர்த்தரப்பைப் பார்த்தது.

ஹுதைஃபா எழுந்தான். கோட்டின் நடுப் பொத்தானைப் போட்டான். அவன் வாயைத் திறந்ததும் எழுபது வயசுக் குரல் ஒன்று, லேசான ஆஸ்துமாவோடு புறப்பட்டது.

"மைக்கைக் கொஞ்சம் கிட்டக் கொண்டாப்பா. இறைவன் உங்கள் வருகையை வாழ்த்தட்டும். நீங்கள் வந்தது எங்கள் வாசலுக்கு அல்ல, எங்கள் கண்களுக்கு. பெண் எங்கள் பெண் அல்ல, இனி உங்கள் பெண். யார்ரா அது, குழந்தையை அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போங்க. காப்பியைக் குடியுங்கள் பாஷா. கேட்டது உங்களுக்கே!"

அப்படி ஒரு பதிலை அந்தக் கூடம் கேட்டதில்லை. பாஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே மடக்கில் கிண்ணத்தைக் காலி செய்தார். அவரைப் பார்த்து ஐம்பது பேரும் குடித்தார்கள். சமையலறையில் ஸுஹைபின் அம்மா, 'உங்களுக்கே' என்ற சொல் காதில் விழுந்ததும், என்ன ஏது என்று யோசிக்காமல் பழக்கதோஷத்தில் குலவை போட்டாள். ஆட்கள் எழுந்து ஒருவரையொருவர் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தார்கள். தைசீர்கூட இரண்டு பேரைக் கட்டிக்கொண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் திருதிருவென்று விழித்தார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" நவ்வாஷ் நாற்காலி மேல் ஏறிவிட்டார். "பாஷா, என்ன காரியம் பண்ணிட்டீங்க? நாம பொண்ணு கேக்க வரல! பையனைக் கேக்க வந்தோம்!"

"பையனுக்குத்தானே கேட்டேன்?"

"பையனுக்கு இல்லே, பையனை! இவன் பள்ளிக்கூடத்து வேலையை விட்டுட்டு என்னோட தோஹாவுக்கு வரணும். அதுக்குத்தான் ஜாஹா!"

பாஷா அவரை மேலும் கீழும் பார்த்தார். "வேலை விஷயத்துக்கா என்னைக் கூட்டிட்டு வந்தே? என்னையா?" அவருக்கு மூச்சு வாங்கியது. "எதுவானாலும் சரி, கேட்டாச்சு, குடுத்தாச்சு, குடிச்சாச்சு. குடிச்ச காப்பியைத் துப்பற வழக்கம் எங்க பரம்பரையில கிடையாது. இந்தப் பள்ளிக்கூடத்துக்காரங்க இனிமே நமக்குச் சம்பந்தி. பொண்ணு யாருங்கறதை அப்புறம் மெதுவாப் பாத்துக்கலாம்."

"அப்ப இன்னொரு தடவை ஊத்து!" என்று நவ்வாஷ் காப்பிக்காரனைப் பார்த்துக் கத்தினார். ஒரே ஜாஹாவில் இரண்டாம் காப்பியா! கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. கிண்ணத்தைத் தம் முன்னாலேயே வைத்துக்கொண்டு ஹுதைஃபாவுக்கு நேரே வந்து உட்கார்ந்தார். முகத்தில் இப்போது தேன் ஒழுகியது. ஆள் கெட்டிக்காரர், பையனுக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்றுதான் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, பிரமாதமாப் பேசினே. இப்ப நான் கேக்கறேன். ஸுஹைபை எங்களுக்குக் குடுத்துடுங்க. நாளைக்கே தோஹாவுக்குக் கூட்டிட்டுப் போறேன். என்ன சொல்றே? காப்பியைக் குடிக்கட்டுமா?"

ஹுதைஃபா எழுந்து பொத்தானைச் சரிசெய்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிறந்ததிலிருந்து போனில் மட்டும் பார்த்த கூட்டம், இன்று அவனுக்கு முன்னால், அவன் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. தன்னைத் தோஹாவுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போவதைக்கூட ஸுஹைப் பொறுத்திருப்பான். பொறுத்துப் பொறுத்துத்தானே என்ஜினியர் ஆனான். ஆனால் சரி என்பதைத் தவிர வேறு சொல் தெரியாத ஒரு பிள்ளையைப் பிடித்து, அந்தச் சொல்லையே அவன் வாயிலிருந்து பிடுங்குவதை அவனால் தாங்க முடியவில்லை.

"மைக்கைக் கொஞ்சம்..." என்று ஹுதைஃபா ஆரம்பித்தான்.

"வேணாம்!" என்று ஸுஹைப் எழுந்துவிட்டான். "எனக்கு வேணாம்!" இரண்டாவது தடவை குரல் நடுங்கி, நடுவில் கீச்சென்று உடைந்தது.

பெண் எழுந்து பதில் பேசிவிட்டது!

"நீ பேசக் கூடாது" என்றார் நவ்வாஷ், பல்லிடுக்கில். "தம்பி, நீ சொல்லு. உங்க பக்கத்துக்குப் பெரியவன் நீதான்."

ஹுதைஃபா ஸுஹைபைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் குரலை அவன் அதுவரை கேட்டதில்லை. அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. நவ்வாஷ் பக்கம் திரும்பி, "வேணாம்! எனக்கு வேணாம்!" என்றான். அதே நடுக்கம், அதே இடத்தில் கீச்சென்ற உடைசல். பிறகு கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

நவ்வாஷின் முகம் செத்துப்போயிற்று. அவர் முன்னால் இருந்த கிண்ணத்தை எல்லோரும் பார்த்தார்கள். பாஷா மட்டும் தம் வெறும் கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

"என் ஜாஹா குடிச்சிட்டுத்தான் போகுது. அந்த ரெண்டாவது காப்பி நவ்வாஷோட சொந்தக் காப்பி, அதுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லே. சோறு எங்கேப்பா?"

தைசீர் கூட்டத்திலிருந்து எழுந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கூடத்தைக் குறுக்கே கடந்து, மகன் பக்கத்தில் போய் நின்றார். விருந்தாளி அங்கியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். "பிடிடா இதை. என் வீட்டு விருந்து, நான்தான் பரிமாறணும்." சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "வெக்கமா இருக்குடா எனக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

வாசலில் இன்னும் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஸுஹைப் வெளியே போய்ச் சாவியைத் திருகி அணைத்து, அபூ ஹுதைஃபாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தான். "சம்பந்தி வந்தாச்சு" என்று பாஷா இடம் விட்டார். ரொட்டிக்கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகன் இன்னும் கூச்சல் போடாமல் இருப்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

பெரிய தாம்பாளங்களில் சோறும் கறியும் வந்தன. எல்லோரும் சுற்றி நின்று கையைப் போட்டார்கள். மன்ஸஃப் முன்னால் கோபம் எவ்வளவு நேரம் தாங்கும்? நவ்வாஷும் முணுமுணுத்துக்கொண்டே ஒரு ஓரத்தில் கையைப் போட்டுவிட்டார். ஹுதைஃபா கண்டவர்களிடமெல்லாம் புதுச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தான். கைகுலுக்க வந்தவரிடம் "எனக்கு வேணாம்." நலம் விசாரித்தவரிடம் "எனக்கு வேணாம்." ஆட்கள் ரசித்துச் சிரித்தார்கள். கிளிப்பிள்ளைக்குப் புதுப் பேச்சு என்றுதான் ஸுஹைபும் நினைத்தான்.

தைசீர் தயிர்க் குழம்புச் சட்டியோடு வந்தார். சோற்றுமேல் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே சுற்றி, ஹுதைஃபாவின் பக்கம் கரண்டியைச் சாய்த்தார். பையன் தன் உள்ளங்கையை விரித்துச் சோற்றை மூடினான். குழம்பு சுடச்சுட அவன் புறங்கையில் விழுந்தது. கையை எடுக்கவில்லை.

"எனக்கு வேணாம்" என்றான்.

குரல் இன்னும் ஸுஹைபுடையதுதான், அந்தக் கீச்சுகூட இருந்தது. ஆனால் அந்தக் கையை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அபூ ஹுதைஃபா மென்றுகொண்டிருந்ததை மெல்லாமல் நிறுத்தினார். "இல்லப்பா, அவன் தின்னுவான். வெள்ளிக்கிழமைதோறும் எங்க வீட்ல இதுதான். தட்டை வழிச்சுத் தின்னுவான். ஊத்துங்க." மகன் கையை எடுக்கவில்லை. அவர் அந்தக் கையைப் பார்த்தார், மகன் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸுஹைபிடம் திரும்பினார். "பிடிக்காமயா தின்னான்? இத்தனை வருஷமா? வேணாம்னு சொல்லத் தெரியாமத்தான் தின்னுட்டே இருந்தானா?"

தாம்பாளத்தைச் சுற்றிக் கைகள் நின்றுவிட்டன. நவ்வாஷின் கையும் நின்றது.

"ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நானே கூட்டிட்டு வரேன்" என்றார் ரொட்டிக்கடைக்காரர். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை. "நீ இருப்பேல்ல?"

"இருப்பேன்" என்றான் ஸுஹைப்.

தைசீர் சட்டியைத் தரையில் வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏய், தயிர் ஊத்தாத சோறு ஒரு தட்டு கொண்டா! சீக்கிரம்! இந்தப் பையன் பதினாலு வருஷமாக் காத்துட்டிருக்கான்!"